படி மூடிய கிணறு

மூன்றாவது கோடையாக ராக்கப்பன் காலில் நரம்புச்சிலந்தி புறப்பட்டது. கணுக்காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல்போலப் புழு தலை நீட்டியது. தேவாரம் ஊர்ப் பக்கம் அது புதிதல்ல. குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். இந்த முறை பாதியில் அறுந்து, கால் வீங்கிவிட்டது. தோட்டத்தில் கடலை பிடுங்காமல் கிடந்தது.

அவன் மனைவி சுருளியம்மாள் வண்டி கட்டி உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் காலைக் கீறிக் கட்டுப் போட்டுவிட்டு, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வீட்டுக் கெணறுதான் சாமி. படியில எறங்கி மோந்துக்கிருவோம்."

"புண்ணுக்காலோட எறங்குனா புழுக்குஞ்சு தண்ணியில கலந்துரும். அதையே குடிக்கிறீங்க. முதல்ல கெணத்துக்கு வைத்தியம் பாருங்க."

அந்த வைத்தியம் பார்ப்பவர் சுகாதார இன்ஸ்பெக்டர் என்றார்கள். அவர் ஆபீசுக்குப் போனால் ஆள் இல்லை, கேம்ப் போயிருந்தார். மறுவாரமும் இல்லை. கடைசியில் சின்னமனூரில், ஊர்க்கிணறு ஒன்றில் மருந்து கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தவரைப் போய்ப் பிடித்தாள்.

"சர்க்கார் மருந்து பொதுக் கெணத்துக்குத்தாம்மா" என்றார் அவர்.

"எங்க தண்ணியக் குடிச்சு வீட்டுக்காரு நடக்க மாட்டாம கெடக்காக. நாங்க யாருகிட்டப் போறது?"

அவர் கரைப்பதை நிறுத்தினார். "சுண்ணாம்பு நீ வாங்கி வையி. நான் வந்து போட்டுத் தாரேன். ஆனா படியை மூடிரணும். மேல சகடை மாட்டிக் கயித்துல வாளி விட்டு எறைக்கணும். இன்னொண்ணு, இதுவரைக்கும் குடிச்சது உடம்புக்குள்ள இருக்கும். அடுத்த கோடையிலயும் புழு வரும். அதுக்கடுத்து வராது."

வீட்டில் எதிர்ப்பு ராக்கப்பனிடமிருந்து வரவில்லை. அடுத்த வீட்டில் இருந்த அவன் அக்கா அக்கம்மாளிடமிருந்து வந்தது. அவளுக்கும் அதே கிணறுதான்.

"எனக்குத் தோளு எந்திரிக்காது. கயிறு இழுத்துத் தண்ணி எடுக்க ஏலுமா? எங்கப்பன் கட்டுன படி அது."

"ஒங்களுக்கும் சேத்து நான் எறைச்சுத் தாரேன், மதினி."

இன்ஸ்பெக்டர் சொன்னபடியே வந்தார். தண்ணீரை இறைத்துவிட்டுச் சுண்ணாம்பு போட்டார்கள். படிகளைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்கள். அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் இறைப்பது சுருளியம்மாள் வேலையானது. உள்ளங்கை தோலுரிந்து காய்த்துப்போனது.

அடுத்த கோடையில் ராக்கப்பனுக்குச் சிலந்தி வந்தது. அக்கம்மாளுக்கும் முழங்காலில் வந்தது.

"படிய மூடுனதுதான் மிச்சம். மருந்துத் தண்ணி என்னத்தக் கிழிச்சுச்சு?" என்று அக்கம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மண்ணை அள்ளிவிடச் சொன்னாள். ராக்கப்பனும் படுத்தபடியே, "அள்ளிருவோமா?" என்று கேட்டான்.

சுருளியம்மாளுக்கும் சந்தேகம் வந்தது. இன்ஸ்பெக்டர் சொன்னது பொய்யாக இருந்தால் என்ன செய்வது?

"இன்னும் ஒரு வருசம் பொறுங்க. அப்பயும் வந்தா நானே அள்ளுறேன்" என்றாள்.

அதற்கடுத்த கோடையில் தினம் காலையில் ராக்கப்பனின் கால்களைத் தடவிப் பார்த்தாள். சித்திரை போனது, வைகாசி போனது. கொப்புளம் எதுவும் வரவில்லை. கடலையை அவனே நின்று பிடுங்கினான்.

தான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதால்தான் சிலந்தி விட்டுப் போனது என்று அக்கம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். சுருளியம்மாள் எப்போதும்போலத் தண்ணீர் இறைத்தாள். மதினியின் குடங்களை நிரப்பி வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.