பதிலுக்கு விட்ட இடம்

பாட்டு முன்னால் ஓட, சனம் பின்னால் ஓடியது. ஸ்பீக்கரில் யூலிற்றா அக்காவின் குரல் ஒரு படகின் பெயரைப் பாடி முடித்த கையோடு அடுத்த படகின் பெயர் வந்து விழுந்தது. பதில் பாட எழும்பியவர்கள் திறந்த வாயோடு நின்றார்கள். மூன்றாவது படகுக்கு அல்பேர்ட் மாமா இருமத் தொடங்கினார்.

"நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு! மனிசர் மூச்சு விடுறதில்லையோ?"

ஒத்திகைக்குக் கூடியிருந்த கோயில் விறாந்தையே சிரித்தது. ஜெயரூபினி மடிக்கணினிக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு பாட்டை நிறுத்தினாள்.

திருநாளன்று மாதா சொரூபம் முதல் படகில் கடலுக்குப் போகும். மற்றப் படகுகள் பின்னால் வரும். முன்படகிலிருந்து ஒவ்வொரு படகின் பெயராகப் பாட, அந்தப் படகுக்காரர் மட்டும் "கரை சேர்ப்பாய் தாயே" என்று பதில் பாட வேண்டும். இவ்வளவு காலமும் வின்சன் படகிலேயே ஓர்கனை வைத்து வாசித்தான். இப்போது அவன் கட்டாரில். வவுனியாவிலிருந்து ஓர் இசைக்குழுவைப் பிடிப்போம் என்று பாடகர் குழுவை நடத்தும் யூலிற்றா அக்கா சொன்ன அன்று, குழுவின் கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைத்துவந்த ஜெயரூபினி, "நான் கம்பியூட்டரில செய்து பாக்கட்டே அக்கா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே காது சுட்டது.

அவளுடைய வேலை அதுதான். பௌதிகம் படித்தவள், வீட்டிலிருந்தபடி ஓர் இசை மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதுகிறாள். மென்பொருளுக்குள் ஓர் ஏஜென்ட், சொன்ன வேலையைத் தானே செய்யும் செயற்கை நுண்ணறிவு, இருக்கிறது. "பாட்டைத் துப்புரவாக்கி இசை சேர்" என்றால், வெட்ட, இரைச்சல் நீக்க என்று மென்பொருளில் உள்ள கருவிகளில் எது பொருத்தம் என்று அதுவே பார்த்து எடுக்கும். கருவிகளை அது கண்டதில்லை. ஒவ்வொன்றையும் பற்றி எழுதியிருக்கும் விளக்கத்தைத்தான் வாசிக்கும். அந்த விளக்கங்களை எழுதுவது ஜெயரூபினி.

யூலிற்றா அக்கா பதிலுக்கு இடம் விட்டுத் தனியே போனில் பாடி அனுப்பிய பாட்டில், அந்த இடங்களை வெட்ட அது எந்தக் கருவியைப் போட்டது என்று இப்போது தேடினாள். இருந்தது. "ஒலி இல்லாத பகுதிகளை நீக்கும்." ஆய்வுகூட அறிக்கை போல ஒரே வரி. எழுதிய அன்று அந்தச் சுருக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"உன்ர பெடியனுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சோ?" யூலிற்றா அக்கா மடிக்கணினியைக் காட்டிச் சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் கையில் போன் இருந்தது. "வவுனியாக்காரருக்கு இண்டைக்கு முடிவு சொல்லவேணும், பிள்ளை."

"அவனில பிழை இல்லை அக்கா. நான் சொல்லிக் குடுத்தது காணாது. கொஞ்சம் நில்லுங்கோ."

விளக்கத்தைத் திறந்தவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. கடைசிப் படகு அவர்களுடையது. அப்பா அதன் பக்கவாட்டில் சிவப்பு மையால் மகளின் பெயரை எழுதியிருந்தார். அப்பாவுக்குப் பாட்டு வராது. எஞ்சினைப் பிடித்தபடி சிரிப்பார். பதில் பாட அவள் ஒருத்திதான். போன வருடம்வரை அந்த இடத்தில் வின்சன் ஓர்கனை உரத்து வாசித்துக் காப்பாற்றினான். அந்த ஓர் இடைவெளியை மட்டும் வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அவள் எழுதினாள். "ஒலி இல்லாத பகுதிகளை நீக்கும். பேச்சுப் பதிவுகளுக்குப் பயன்படுத்து. ஒருவர் பாட மற்றவர் பதில் பாடும் பாட்டில் பயன்படுத்தாதே. அங்கே இடைவெளி மற்றவருடையது. தெரியாவிட்டால் கேள்."

பாட்டை மறுபடி கொடுத்தாள். திரையில் கேள்வி வந்தது. அவள் மெல்ல வாசித்தாள். "இந்த இடைவெளிகளில் யாராவது பதில் பாடுவார்களா? எல்லாவற்றையும் வைத்திருக்கவா?"

"கேக்கிறானே!" அல்பேர்ட் மாமா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். "மரியாதை தெரிஞ்ச பெடியன். என்ர படகுக்குக் கொஞ்சம் கூட விடச் சொல்லு, எனக்கு வயசாகுது."

"எல்லாத்தையும் வைக்கட்டோ மாமா?"

"பின்ன? ஒரு படகை மட்டும் கடலுக்குள்ள விட்டிட்டு வாறதே?"

அவள் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு "ஓம், எல்லாம்" என்று தட்டினாள்.

இந்த முறை பாட்டு நின்று நின்று போனது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் எழும்பிப் பாடிவிட்டு அமர்ந்தது. அல்பேர்ட் மாமா தன்னுடைய இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, கை தட்டலும் வாங்கினார். யூலிற்றா அக்கா போனைப் பைக்குள் போட்டார்.

கடைசியாக, "ஜெயரூபினி" என்று நீட்டிப் பாடியது ஸ்பீக்கர். இசை நின்றது. விறாந்தையில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. திரையில் ஒலிக்கோடு மேடு பள்ளம் எதுவுமில்லாமல், நேராக, அவளுக்காக ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழும்பி, மூச்சை உள்ளே இழுத்தாள்.