துப்பாக்கிக்கு இஸ்திரி

இஸ்திரிப் பெட்டி விறகுக் கொட்டகையில் இருந்தது. அப்பாவுக்கு மாற்ற வேண்டிய படுக்கை விரிப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தேடி அலுத்த அக்னெஸ், கொட்டகைக் கதவைக் காலால் தள்ளினாள். உள்ளே தம்பி யோஸ்ட், அப்பாவின் பழைய ராணுவத் துப்பாக்கியைப் பிரித்து, அதன் மரக்கட்டையை மேசையில் கிடத்தி, ஈரத்துணியைப் போர்த்தி அதன்மேல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"நீயெல்லாம் மனுஷனாடா? பாதிரியார் வந்து அப்பாவுக்குச் சாவு எண்ணெய் பூசிட்டுப் போயாச்சு. நீ இங்க துப்பாக்கிக்குப் பூச எண்ணெய் கலக்கிட்டு இருக்கே."

"கத்தாதேக்கா. மரம் அமுங்கிப்போன இடத்துல இப்படி ஆவி காட்டினா தானா உப்பிக்கும். தடவிப் பாரு, ஒரு வடு இருக்கா? ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்துக்காரங்க சவப்பெட்டி மேல இதைத்தானே வைப்பாங்க. ராணுவத்துல அவருக்குக் குடுத்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படி இருக்கணும்."

"இன்னும் உசுரு போகல. அதுக்குள்ள பெட்டி மேல வைக்கிறானாம்!"

சூரிச்சிலிருந்து வந்து இறங்கியதிலிருந்தே அவன் இப்படித்தான். அப்பாவின் அறைக்குள் போனால் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சூடு பட்டவன் மாதிரி கொட்டகைக்கு ஓடிவிடுவான். பயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அறுத்த புல் சரிவில் காய்ந்துகொண்டிருந்தது, வாரிக் கட்ட ஆளில்லை. மாடு, சமையல், அப்பாவின் மலஜலம் எல்லாம் அவள் தலையில். இவன் மரத்துக்குச் சுருக்கம் எடுக்கிறான்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலையிலேருந்து துப்பாக்கி எங்கேன்னு கேட்டு உசுரை வாங்குறார். பூட்டிக் கொண்டா. இப்பவே."

அப்பா அலோயிஸுக்குப் பார்வை மங்கி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும், கதவைத் திறக்கும்போது அதன் பின்னால் மாட்டியிருந்த துப்பாக்கி சுவரில் லேசாக இடிக்கும் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து ஒரே நச்சரிப்புதான்.

யோஸ்ட் துப்பாக்கியைப் பூட்டி, எண்ணெயை அழுத்தித் துடைத்து, பளபளவென்று அப்பாவின் அறைக்கு எடுத்து வந்தான். பக்கத்து வீட்டு ஹெடி ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். அப்பாவின் கை குழாயிலிருந்து மெல்ல மெல்லக் கட்டைக்கு இறங்கியது. கட்டையின் அடி ஓரத்தில் கட்டைவிரல் எதையோ தேடியது. திரும்பவும் தேடியது. முகம் கறுத்தது.

"யாரோடது இது?"

"உங்களோடதுதான்ப்பா. புதுசு மாதிரி பண்ணியிருக்கேன்."

"என்னுது இல்ல. எவனுதோ மாறிடுச்சு."

"அப்பா, நம்பரைப் படிக்கிறேன், கேளுங்க." குழாயின் மேல் பொறித்திருந்த எண்ணை யோஸ்ட் ஒவ்வொன்றாகப் படித்தான்.

"நம்பரை எவன் வேணும்னாலும் சொல்லலாம். என்னை என்ன மடையன்னு நினைச்சியா? அடுத்தவன் துப்பாக்கியைத் தூக்கிட்டு எப்படி வீட்டுக்குப் போறது? வெக்கக்கேடு. என்னுதைக் கொண்டா. அதுவரைக்கும் நான் கிளம்ப மாட்டேன்."

எழுந்திருக்கப் பார்த்தார். மூச்சு வாங்கியது. இருந்த கொஞ்ச உயிரையும் கோபத்தில் செலவழித்துக்கொண்டிருந்தார். ஹெடி தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். அக்னெஸ் துப்பாக்கியை ஒரு கையிலும் தம்பியின் சட்டையை மறு கையிலும் பிடித்து நடைக்கு இழுத்து வந்தாள்.

"அடியில இருந்த பள்ளமெல்லாம் எங்கேடா?"

"நாய் கடிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சே, அதா? அதுக்குத்தான் ரொம்ப நேரம் இஸ்திரி போட்டேன்."

"பாவி! அது அவரே போட்டதுடா. சண்டைக்காலத்துல கோட்ஹார்ட் கணவாய்ல காவல் நின்னப்போ, பூட்ஸ் ஆணிக்கு நடுவுல பனி இறுகிக்குமாம். துப்பாக்கிக் கட்டையாலதான் தட்டி உதிர்ப்பாராம். அதிகாரி திட்டத் திட்டத் தட்டுவாராம். அந்தப் பள்ளத்துல விரலை வெச்சுக்கிட்டுத்தான் கதையே சொல்வார். இது கூடவா தெரியாது?"

"எனக்கு எப்படித் தெரியும்?" யோஸ்ட் சட்டையை விடுவித்துக்கொண்டான். "என்கிட்ட எப்ப அவர் உக்காந்து பேசினார்? எல்லாம் உன்கிட்டத்தான்."

அக்னெஸ் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, ஒட்டடையோடு அப்பாவின் ஆணி அடித்த பூட்ஸை இழுத்துப் போட்டாள்.

"ஒண்ணை மாட்டு."

"கட்டை போயிடும்க்கா. நான் பட்ட பாடெல்லாம்…"

"போனாப் போகட்டும். மாட்டுடா."

மாட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகக் காலை மடக்கி பூட்ஸின் அடிப்பக்கத்தைக் காட்டினான். அக்னெஸ் கட்டையை ஓங்கினாள். மனம் வராமல் பட்டும் படாமல் விழுந்தது. பிசுபிசுத்த எண்ணெயில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

"இப்படியா தட்டுவாங்க?" என்று யோஸ்ட் அவளிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினான். தட். ஆணி மரத்தில் இறங்கியது. தட். தட். வருஷக்கணக்காகப் பழகியவன் போல அடித்தான். மரச்சிம்பு தெறித்தது. அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அக்னெஸுக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

துப்பாக்கியோடு அறைக்குள் அவள்தான் முதலில் நுழைந்தாள். ஹெடி சன்னலை விரியத் திறந்து கொக்கி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் ஆன்மா வெளியேறத்தான் சன்னலை அப்படித் திறப்பார்கள் என்று அக்னெஸுக்குத் தெரியும். அவள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தாள்.

"இப்பத்தான் போனார்" என்றாள் ஹெடி. "கஷ்டமே படல. வெளியே தட்டுற சத்தம் கேட்டதும் அப்படியே அடங்கிட்டார். பனி கொட்டுதான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஜூன் மாசம்னு சொல்ல மனசு வரல. ஆமா, நல்லா கொட்டுதுன்னேன். 'அப்ப பையன் ஏன் வெளியவே நிக்கிறான், உள்ள வரச் சொல்லு'ன்னார்."

யோஸ்ட் நிலைப்படியில் நின்றான். சன்னல் வழியே காய்ந்த புல்லின் வாசனையும் வெயிலும் கட்டில்வரை வந்திருந்தன. ஹெடி தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவன் உள்ளே வந்தான். ஒரு காலில் மட்டும் பூட்ஸ் இருந்ததால், மரத்தரையில் ஓரடி விட்டு ஓரடி ஆணிச்சத்தம் கேட்டது.