குளிர் விடாத இரும்பு

இடுக்கியால் எடுத்து வைத்த இரும்புத் துண்டு தாங்கியில் சரியாக உட்காரவில்லை. ஒரு மயிரிழை கோணல். அவன் அதை நேராக்கினான். திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து எழுந்த வெண்புகை அவன் முழங்கையைச் சுற்றிக்கொண்டு தரைக்கு இறங்கியது. பின்னால் நின்றிருந்த மேனேஜர், "லாரி வாசல்ல நிக்குது தம்பி," என்றார். காலையிலிருந்து அவர் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. துண்டு இன்னும் கோணலாகத்தான் இருந்தது. மறுபடியும் நேராக்கினான்.

அப்போது முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டது. வறண்ட, சின்ன இருமல். இரண்டு தடவை.

கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனாலும் கை பிடியை இழுத்துவிட்டது. தலைக்கு மேலே நின்ற சுத்தியல் ஊசலாடி இறங்கி அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஏறியது. துண்டு உடையவில்லை. நடுவில் மடங்கி, தரையில் விழுந்து உருண்டது. அளவு காட்டும் முள் நல்ல எண்ணில் போய் நின்றது.

"பாஸ். அப்பாடா," என்றார் மேனேஜர்.

அவன் திரும்பிப் பார்த்தான். மேனேஜருக்குப் பக்கத்தில் அப்பாவின் முக்காலி இருந்தது. அதில் யாரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? அப்பா ரிட்டயராகி வருஷக்கணக்காகிறது. இரண்டு மாதமாகப் படுத்த படுக்கை. பேச்சும் போய்விட்டது.

இந்த வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இருமலின் கனம் பிடிபடாது. அந்த மில்லில் செய்வது சீம்லெஸ் குழாய். ஒட்டு, பற்றவைப்பு எதுவும் கிடையாது. பழுக்கக் காய்ச்சிய ஒரே இரும்புக் கட்டியைத் துளைத்து நீட்டியது. பனிக்கட்டியெல்லாம் வெந்நீர் என்று தோன்றுகிற அளவுக்குக் குளிர்ந்த வாயுவை அது சுமக்க வேண்டும். அந்தக் குளிரில் சாதாரண இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒரு தட்டு போதும், சிதறும். அதனால் ஒவ்வொரு முறை உலையில் வார்த்ததிலிருந்தும் விரல் நீளத்துக்கு மூன்று துண்டு வெட்டி, நடுவில் கீறி, குளிரில் ஊறவைத்து, எடுத்து, அடித்துப் பார்ப்பார்கள். வளைந்தால் நல்ல இரும்பு. உடைந்தால் அத்தனை குழாயும் திரும்ப உலைக்கு.

எடுத்தால் ஐந்து எண்ணுவதற்குள் அடித்துவிட வேண்டும். "தாண்டினா சூடேறிடும். சூடேறின துண்டு பொய் சொல்லும்," என்பார் அப்பா. அப்படித் தாண்டிப்போன துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டும், அதுதான் முறை. அடிக்கிற வேலை மகனுக்கு வந்த பிறகு, அப்பா பின்னால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு வாயே திறக்க மாட்டார். ஒரு இருமல் என்றால் சீக்கிரம். இரண்டு என்றால் நேரம் போய்விட்டது, விட்டுவிடு. இரண்டாவது இருமலுக்கு மேல் அந்த மில்லில் அப்பீலே கிடையாது.

இன்றைக்கு முதல் துண்டு தப்பித்தோம் பிழைத்தோம் என்று தேறியது. இரண்டாவது சுக்கல். மூன்றாவதுதான் முடிவு சொல்ல வேண்டியது, அது மடங்கிப்போய்த் தரையில் கிடந்தது. அவன் குனிந்து, உறை போட்ட கையால் எடுத்தான். சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா.

"டேய்," என்றாள். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது. "அப்பா போயிட்டாருடா."

போனை எடுத்த பைக்குள் இரும்புத் துண்டைப் போட்டுக்கொண்டதை அவன் அறியவில்லை.

*

வீட்டுக்குப் போனபோது செருப்புகள் வாசலை அடைத்திருந்தன. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள், இவனிடமும் சொன்னாள்.

"ரெண்டு மாசமா தொண்டையில சத்தமே இல்லியா. இன்னிக்கு இருமினாருப்பா. மில்லுல இருமுவாரே, அந்த மாதிரி, தெளிவா. ரெண்டு தடவ. தண்ணி கேக்கறாராக்கும்னு டம்ளரோட வந்தேன். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

எப்போது என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயத்தை எதற்குக் கேட்பது?

சித்தப்பா வெளியூரிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும் என்றதால் குளிர்பெட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அப்பாவை அதில் கிடத்தினார்கள். மில்லில் அப்பாவுக்குப் பெயர் ஐஸ்காரர். நைட்ரஜன் தொட்டியோடு குடும்பம் நடத்தியதால் வந்த பெயர். மில்லில் கிரேன் ஓட்டுவதால் கொக்கி என்று பெயர் வாங்கியவன் மாலையோடு உள்ளே வந்து, பெட்டியைப் பார்த்து, "ஐஸ்காரரே, கடைசில உங்க எடத்துக்கே போய்ட்டீங்களே," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்த உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொக்கி மட்டும் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனான்.

பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியதே தவிர குளிரவில்லை. பெட்டிக்காரர் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். வேறு ப்ளக்கில் மாற்றினார்.

"மெஷின்ல குத்தமில்லீங்க. நேத்துகூட ஒரு எடத்துல ஓடுச்சு. இங்க மட்டும் ஏன் பிடிக்க மாட்டேங்குதுன்னு தெரியல," என்றார்.

வேறு பெட்டி வந்தது. அதுவும் அப்படியேதான்.

அக்கா அப்பாவின் கையைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை. "டேய், இங்க வந்து தொட்டுப் பாரு," என்றாள். குரலில் ஒரு நடுக்கம், நடுக்கத்துக்குள்ளே ஒரு ஆசை. "சூடா இருக்குடா. தூங்கறவங்க கை மாதிரி இருக்கு. உசுரு இருக்குமோ?"

அவன் தொட்டான். சூடாகத்தான் இருந்தது. காலையில் போனவர். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது.

டாக்டரை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், கண்ணில் விளக்கடித்தார், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "போனவர் போனவர்தாம்மா. சில உடம்பு ஆற நேரமாகும்," என்றார். சொன்னவர் தன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டதை அவன் பார்த்தான். அக்கா தலையாட்டினாள், ஆனால் அப்பாவின் கையை விடவில்லை. சூடேறினது பொய் சொல்லும். அப்பாவின் குரலில் அது அவன் காதுக்குள் ஓடியது.

"ஏங்க," என்று மனைவி அவனைப் பின்கட்டுக்கு இழுத்தாள். "சட்டைல என்ன ஈரம்?"

குனிந்து பார்த்தான். சட்டைப்பை நனைந்து, நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே விரலை விட்டவன் சட்டென்று வெளியே எடுத்தான். கையைச் சுட்டது மாதிரி இருந்தது, குளிரில். துணியோடு சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்தான். மடங்கிய இரும்புத் துண்டு. மேலே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, இந்த நிமிஷம்தான் தொட்டியிலிருந்து எடுத்ததைப் போல.

அப்படி இருக்கவே முடியாது. டீ ஆறுகிற நேரத்தில் அந்தத் துண்டு அறையின் சூட்டுக்கு வந்துவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனை துண்டு கை மாறியிருக்கிறது, அவனுக்குத் தெரியாதா? மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூரப் போட்டுருங்களேன்."

"போடக் கூடாது."

"ஏன்?"

அவன் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி, மறுபடியும் பையிலேயே போட்டுக்கொண்டான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவனுக்குக் கனம் நெஞ்சின் மேலேயே இருந்தது. ஒரே ஒரு தடவை பொய்யாகத் தேறிய இரும்பு, அப்பாவின் மகன் கையால் தேறியது. மில் வாசலில் நிற்கிற அந்த லாரி போய்விட்டால், குழாய் எங்கோ ஒரு ஆலையில் ஏறும். அதில் குளிர் ஓடும். "அந்தக் குழாய்க்குப் பக்கத்துல ஒருத்தன் சாப்பாட்டு டப்பாவத் தொறந்துகிட்டு உக்காந்திருப்பான்டா," என்று அப்பா சொல்வார். முகம் தெரியாத அந்த ஆள் காலையிலிருந்து இவன் கண் முன்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டே இருந்தான்.

சொல்லிவிடலாம். சொன்னால் என்னவென்று சொல்வது? ஏன் தாமதம் என்பார்கள், கோணலாக உட்கார்ந்தது என்று சொல்லலாம். தாமதமானது தெரிந்தும் ஏன் அடித்தாய் என்பார்களே. நிறுத்து என்று எனக்கு இருமல் கேட்டது, அதை மீறித்தான் அடித்தேன் என்று சொல்ல முடியுமா? அப்பன் செத்த துக்கத்தில் பையனுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். பேசாமல் இருந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. சாவு வீட்டுக்காரனை யார் கேள்வி கேட்பார்கள்? அந்த வசதிதான் அவனைப் பிடுங்கித் தின்றது.

*

மேனேஜர் சாயங்காலம் வந்தார். பெட்டி முன்னால் தலை குனிந்து நின்றார். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு இவன் தோளைத் தொட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பெரியவர மாதிரி இன்னொருத்தர் வர மாட்டாங்க தம்பி."

"ஆமா சார்."

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு. மூணாவது துண்டு சரின்னு உங்க வாயால ஒரு வார்த்தை வேணும். சொல்லிட்டீங்கன்னா லாரி கிளம்பிடும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அவன் அது முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சின் மேல் குளிர் தோலைத் தாண்டி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு இழுக்கும்போது வலித்தது.

"லாரிய அனுப்பாதீங்க சார்."

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார்.

"நேரம் தாண்டிருச்சு. அஞ்சு இல்ல, பத்தே தாண்டியிருக்கும். அது தேறினது தேறினதே இல்ல. புதுசா வெட்டி அடிச்சா உடையும்னுதான் எனக்குத் தோணுது." கொஞ்சம் நிறுத்தினான். மிச்சத்தையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். சொல்லாமல் வைத்திருந்த மிச்சம்தானே இத்தனை நேரமும் குளிர்ந்துகொண்டிருந்தது. "எனக்கு இருமல் கேட்டுச்சு சார். அப்பாவோட இருமல். ரெண்டு. கேட்டும் அடிச்சுட்டேன். பைத்தியம்னு நெனச்சாலும் பரவாயில்ல."

மேனேஜர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று இவன் எதிர்பார்த்தான். வரவில்லை. அவர் வீட்டின் உள்பக்கம் ஒரு தடவை பார்த்தார், பிறகு தன் காலணிகளைப் பார்த்தார்.

"எனக்கும் கேட்டுச்சு," என்றார்.

இவன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கு ரொம்பக் கிட்ட. இங்க, இடது காதுகிட்ட. முக்காலி இருந்த பக்கம்." காதைத் தொட்டுக் காட்டினார். "நீங்கதான் இருமினீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கறது வசதியா இருந்துச்சு. அப்புறம் பெரியவர் போன சேதி வந்துச்சு. அப்பவும் அப்படியே நெனச்சுக்கிட்டேன்."

பிறகு மேனேஜர் போனை எடுத்தார். விரல் இரண்டு தடவை தப்பி வேறு பெயரைத் தொட்டது.

"லாரிய உள்ள எடுக்கச் சொல்லு. ஆமா, எறக்கிடுங்க. இல்லப்பா, நாளைக்கும் இல்ல. புதுசா வெட்டணும். யாரு சொன்னாங்களா?" இவனைப் பார்த்தார். "ஐஸ்காரர் சொன்னாருன்னு சொல்லு."

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை, பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. "டேய், வந்து பாரேன்," என்றாள், அவ்வளவுதான்.

பெட்டியின் கண்ணாடி ஓரத்திலிருந்து வெள்ளையாகிக்கொண்டு வந்தது. பெட்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எட்டி நின்றார். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க," என்றார் யாரிடமென்று இல்லாமல். அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆறிப்போச்சு," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் வந்தது.

கண்ணாடியை மூடிய பனியில் அப்பாவின் முகம் மறைந்தது. அம்மா எழுந்து போய், கையால் துடைத்து ஒரு வட்டம் உண்டாக்கினாள். முகம் தெரிந்தது. பனி திரும்பப் படர்ந்தது. மறுபடி துடைத்தாள்.

மனைவி பக்கத்தில் வந்து அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சிருச்சே," என்றாள்.

அவன் கைக்குட்டையைப் பிரித்தான். துண்டின் மேல் பனி இல்லை. வெறும் கையால் எடுத்தான். அப்போதுதான் இட்ட முட்டையைக் கையில் எடுத்தது போல வெதுவெதுவென்று இருந்தது. இடது கைக்குள் அதை மூடிக்கொண்டு, பெட்டியின் அந்தப் பக்கம் போய் நின்றான். அம்மா ஒரு பக்கம் துடைத்தாள். அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் துடைக்க ஆரம்பித்தான்.