பாட்ட மட்டும் பிரிச்சுக் குடு

1

இந்தக் கதையில் எனக்கு வெளியிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்.

வண்டன்மேட்டில் ஒரு மொபைல் கடையில் என் போனை பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், தன் போனைக் கடைக்காரர் பக்கம் தள்ளி, "இதுல இருந்து பாட்ட மட்டும் பிரிச்சுக் குடு" என்றார்.

"மத்ததெல்லாம்?"

"மத்தது எனக்கு வேண்டாம்."

அதற்குள் என் போன் தயாராகிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது உறுத்தத் தொடங்கியது. அப்படி வேண்டாத 'மத்தது' என்னவாக இருக்கும்? அதற்கு நானே சொல்லிக்கொண்ட பதில்தான் இது. இனி வரும் பெயர்கள், ஜீப், சாவு எல்லாம் என் கைவேலை. சாவை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: மலையை மூடியிருந்த பனி மெல்ல விலகியபோது சந்தனமேரி —

[நிறுத்திவிட்டேன். நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் பாதி பனியில்தான் தொடங்குகின்றன. அந்தப் பனியில் ஆட்கள் நடந்துபோய்க் காதலைப் பற்றி யோசிப்பார்கள். இங்கே பனியில் எதிரே வரும் ஜீப் தெரியாது.]

இரண்டாம் தொடக்கம்: முன்பெல்லாம் டார்ச் டார்ச்சாக மட்டும் இருந்தது. ரேடியோ பாடும், படம் பிடிக்காது. கேமரா படம் பிடிக்கும், மணி சொல்லாது. ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும். இப்போது —

[இது கட்டுரை. ஆனாலும் இதற்கு அடுத்து எழுதியதை விட மனமில்லை: பழைய டார்ச்சுக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்துவிட்டால், தான் காட்டியதை அது வைத்துக்கொள்ளாது.]

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.

3

வினோ செத்த மறுநாள் சந்தனமேரியின் வீட்டில் மணி என்னவென்று தெரியவில்லை.

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வீடு. சுவரில் கடிகாரம் கிடையாது. ஐந்து மணிக்கு எழுப்புவது மகன் வினோவின் போன். தேதி சொல்வதும், கக்கூசுக்குப் போக வெளிச்சம் காட்டுவதும், காய்ச்சலில் கிடந்தால் ஞாயிறு பூசையைக் கட்டிலுக்கே கொண்டுவருவதும், தலைவாரும்போது கண்ணாடியாக நிற்பதும் அதுதான். காலையில் அவன் அதைச் சட்டைப்பையில் போடும்போது, "பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறவன் மாதிரில்ல கொண்டு போறான்" என்று கேலி செய்வார். மகனைப் புதைத்த பிறகு இத்தனையும் வீட்டில் ஒன்றாக நின்றுபோயிருந்தன. தோட்டத்துச் சங்கு ஊதியபோதுதான் எட்டு மணி என்று தெரிந்தது.

போன ஜூலையில், காலை ஆறரை மணிப் பனியில், ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றிப்போன வினோவின் ஜீப் மூன்றாவது வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அவனும், முன்சீட்டில் இருந்த பிலோமியும் செத்தார்கள். பின்னால் இருந்த நான்கு பெண்கள் கை கால் முறிந்து பிழைத்தார்கள். மழைக்குப் படுதாவை இறக்கிக் கட்டியிருந்ததால் முன்னால் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

ஊர் பிரேக்கைச் சொன்னது. இரண்டு நாள் முன்புதான் மெக்கானிக் ஜோபி அதில் பிரேக் வேலை பார்த்திருந்தான். ஜீப் சுக்கல் சுக்கலாகக் கிடந்தது. எது விழுமுன் உடைந்தது, எது விழுந்து உடைந்தது என்று பார்க்க வந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. ஜோபியை வாரம் இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பிலோமியின் கணவர் சுவக்கீன் தினமும் அவன் ஒர்க்‌ஷாப் எதிரில் வந்து, ஒன்றும் பேசாமல், ஒரு பீடி தீரும்வரை நின்றுவிட்டுப் போனார். யாரும் அங்கே வண்டி விடுவதில்லை.

சந்தனமேரியும் சும்மா இருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில், சாமியார் இன்னும் ஜெபத்தை முடிக்காதபோதே, எல்லார் காதிலும் விழும்படி, "எம் பிள்ளையக் கொன்னுட்டு இங்கயே வந்து நிக்கியேடா" என்றார். ஜோபி கையில் வைத்திருந்த மண்ணைப் போடாமலே திரும்பிப் போனான்.

4

திரை நொறுங்கிய வினோவின் போனைச் சந்தனமேரி ஒரு மாதம் கழித்துத்தான் மொபைல் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரன் அன்சார் புதுத் திரை மாட்டினான்.

"ஏனுங்கம்மா, லாக் என்னங்க?"

"'ட' போடு."

"என்னங்க?"

"'ட'ய்யா. மேல இருந்து கீழ இழுத்து வலப்பக்கம் திருப்பு. எனக்குத் தெரிஞ்ச எழுத்தாப் பாத்து வெச்சான்."

"நல்லவேளை 'ஞ' வெக்காம உட்டாருங்க. என்ற விரலு சுளுக்கியிருக்கும்."

சந்தனமேரி சிரித்தார். ஒரு மாதத்தில் முதல்முறை. போன் திறந்தது.

"கடைசியா ஒரு வீடியோ இருக்குதுங்க. ஜூலை பதினெட்டு, காலைல ஆறு முப்பத்தொண்ணு."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அன்சார் அதற்குள் அதை ஓடவிட்டிருந்தான். பாட்டு வந்தது. மாதா பாட்டு, வினோவின் குரல். பின்னாலிருந்து பெண்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஏலக்காட்டுக்குப் போகும் ஜீப்பில் அது வழக்கம். பனி மூடிய நாளில் டிரைவரே பாட்டெடுப்பான். படுதாவுக்குள் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, அவன் குரல் கேட்கும்வரை வண்டி ரோட்டில் இருக்கிறது என்று ஒரு தைரியம்.

[இங்கே அந்த வீடியோவை ஒரு பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காததை உங்களுக்கு நான் காட்டுவது முறையில்லை.]

அவர் அன்சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண் சுருங்கியது. பாட்டு நடுவார்த்தையில் நின்றது. அவன் அவசரமாகக் கட்டைவிரலால் திரையை மூடினான்.

"என்னய்யா தெரியுது?"

"பனிதானுங்க. பாதையே தெரியல. கடைசில, முன்னால வெச்சிருந்த போனு சாயுதுங்க. அவரு மொகம் வருது. குனிஞ்சு போனப் பாக்குறாருங்க."

"ரோட்டப் பாக்கலியா?"

அன்சார் புதுத் திரையைத் துணியால் துடைத்தான்.

"படம் புடிச்சுக்கிட்டா ஓட்டுனான்?"

"அப்படியுஞ் சொல்ல முடியாதுங்கம்மா. இங்க பாருங்க, இந்த ஓரம் டார்ச்சு, அந்த ஓரம் கேமரா. ஜீப்புல ஒரு லைட்டு எரியாதுன்னு ஊருல சொல்றாங்கல்ல? டார்ச்சு போடப் போயி, ஈரக் கையில கேமராவத் தொட்டிருக்கலாம். வெளிச்சத்தக் காணமேன்னு குனிஞ்சிருக்கலாம்."*

"நெசமாவா?"

"இருக்கலாங்க."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாட்ட மட்டும் பிரிச்சுக் குடு. மத்தத அழிச்சிரு."

"மத்ததுல ஜோபி அண்ணன் இருக்காருங்கம்மா."

"அவன் எங்க வந்தான்?"

"மொத ரெண்டு வளைவுல பிரேக் புடிக்குதுங்க. வண்டி நல்லா அடங்கித் திரும்புது. மூணாவதுல மிதிக்கவே இல்ல."

"எம்மவன் ஒருக்காச் செத்தது பத்தாதா? இதக் காட்டுனா ஒரு பொம்பளையக் கொன்னவன்னு பேராவும். நீயும் பிள்ள பெத்தவன்தான?"

"ஆமாங்க" என்றான் அன்சார்.

* என் போனில் கையை நனைத்துக்கொண்டு பத்து முறை முயன்றேன். ஒன்பது முறை டார்ச் எரிந்தது. ஒரு முறை கேமரா திறந்தது. இதை வைத்து ஒருவனை விடுவிக்கவும் முடியவில்லை, தண்டிக்கவும் முடியவில்லை.

5

அன்சாரை நான் முழுதாக நம்பவில்லை.

தொலைவில் எருத்தேன்பதி என்ற ஊரிலிருந்து கொண்டுவந்து அவனை இங்கே கடை போட வைத்தேன். இந்தக் கோயில், இந்தக் கல்லறை, இந்த லயம் எதிலும் பங்கில்லாத ஒருவன் வேண்டியிருந்தது. ஆனால் போன் ரிப்பேர் பார்ப்பவனுக்குப் பங்கில்லாத சங்கதி ஊரில் எது? டாக்டரிடம்கூடக் காட்டாததை அவன் மேஜையில் வைத்துவிட்டு, "எப்ப வரட்டும்?" என்று கேட்டுப் போகிறார்கள்.

ஒரு பிரதியில் அன்சார் அந்த வீடியோவைத் தன் கணினியில் ரகசியமாக ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதை —

[இல்லை. அவனைத் திருடனாக்கினால் என் வேலை சுலபமாகிவிடும். உண்மை வெளியே வந்துவிடும், சந்தனமேரி எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்காது. அவரை அப்படித் தப்பவிட எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொல்லும்போது வெட்கமாகவும் இருக்கிறது.]

6

அன்சார் பாட்டைப் பிரித்தான். இரண்டு நிமிட வேலைதான். மெமரி கார்டு போட்டுக் கேட்கிற ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் ஏற்றி அவர் முன் வைத்தான். அதற்குப் பாட மட்டும்தான் தெரியும். படம் கிடையாது, நேரம் கிடையாது, தேதி கிடையாது.

சந்தனமேரி அதைக் காதோடு வைத்துக் கேட்டார். மகன் பாடினான். இரண்டாவது வரியில், அவன் குரலுக்கு அடியில், நீளமாக ஒரு கீச்சு.

அவருக்கு அது தெரியும். ஜோபி வேலை முடித்துக் கொடுத்த அன்று சாயங்காலம் அந்த ஜீப்பில் கடைக்குப் போய்வந்தார். வழியெல்லாம் அந்தக் கீச்சு. "என்னடா இப்படிக் கத்துது?" என்றதற்கு, "புது பிரேக்கும்மா, நல்லாப் புடிக்குதுன்னு அர்த்தம்" என்றான் வினோ.

நான்காவது வரியில் மறுபடியும் கீச்சு. பிறகு பாட்டு. பிறகு, கீச்சு எதுவும் இல்லாமல், பாட்டு நின்றது.

"அந்தக் கீச்ச எடுத்துரு."

அன்சார் முயன்று பார்த்தான். கீச்சை அமுக்கினால் வினோவின் குரல் தண்ணீருக்குள் போனது. வெட்டினால் பாட்டு நொண்டியது. மூன்று விதமாகச் செய்து போட்டுக் காட்டினான்.

"ரெண்டும் ஒண்ணா இருக்குதுங்கம்மா. அத எடுத்தா அவரும் போயிடறாருங்க."

"அப்ப இருக்கட்டும்."

"வீடியோவுங்க?"

அவர் போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "இப்போதைக்கு அதுவும் இருக்கட்டும்."

7

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று: அழித்துவிடுகிறார். ஜோபி ஊரை விட்டுக் கம்பத்துக்கு இறங்கி, எவனோ ஒருவன் ஷெட்டில் டயர் கழற்றுகிறான். ஸ்டேஷன்காரர்கள் மறந்துபோகிறார்கள். சந்தனமேரி தினமும் பாட்டுக் கேட்கிறார், தினமும் இரண்டு முறை அந்தக் கீச்சையும்.

முடிவு இரண்டு: ஸ்டேஷனில் கொடுத்துவிடுகிறார். ஒரு வாரத்தில் வீடியோ வேறு யாரோ போட்ட இசையோடு எல்லார் போனுக்கும் வந்துவிடுகிறது. மறுநாள் காலை சுவக்கீன் சந்தனமேரியின் வாசலுக்கு எதிரில் வந்து நிற்கிறார். பீடியைப் பற்ற —

[இதை என்னால் எழுத முடியவில்லை.]

மூன்றாவதை நான் யோசித்து எழுதவில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் அவர் லயத்துக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஜோபி தனியாக இருந்தான். பார்க்க வண்டி எதுவும் இல்லாமல், ஏற்கெனவே சுத்தமாயிருந்த ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"அடிக்கணும்னா அடிச்சிட்டுப் போங்கக்கா. கத்தாதீங்க. கத்துனா கூட்டம் கூடுது."

"பிரேக் நட்ட முறுக்குனியா?"

"மொத நாளு கேட்டிருந்தா முறுக்குனேன்னு மாதா மேல சத்தியம் பண்ணியிருப்பேன். கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே தெரியல. ராத்திரி கனவுல போயி முறுக்கிட்டு வாரேன்."

சந்தனமேரி ஸ்பீக்கர் பெட்டியை அவன் மேஜையில் வைத்து அமுக்கினார். வினோ பாடினான். ஜோபி தலையைக் குனிந்துகொண்டான். செத்தவனின் குரலைக் கேட்க வைத்துத் தண்டிக்கிறார் என்று நினைத்திருப்பான். இரண்டாவது வரியில் தலை நிமிர்ந்தது. நான்காவது வரியில் அவன் கை தானாகப் பெட்டி பக்கம் போனது. பாட்டு நின்றது.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டார்.

"புடிக்குது" என்றான். "நல்லாப் புடிக்குதுக்கா. ரெண்டு தடவ. அப்புறம் மிதிக்கல. மிதிக்கவே இல்லியே. ஏன் மிதிக்கல?"

சந்தனமேரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது எங்க கெடச்சுது? படம் இருக்கா?"

"இருக்கு."

"அதுல என்ன இருக்கு?"

"அத நீ கேக்காத." அவர் மடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "உம் பேருல குத்தம் இல்லைன்னு இப்ப உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கல்லறையில சொன்னதுக்கு உங் கால்ல வேணா விழுறேன். ஊருக்கு மட்டும் தெரிய வேண்டாம். போதுமா தம்பி?"

8

ஜோபியின் பதிலை மூன்று முறை எழுதினேன்.

"போதும்கா" என்று எழுதி, சந்தனமேரியாக இருந்து படித்தேன். நெஞ்சு லேசானது. ஜோபியாக இருந்து படித்தேன். நாளைக் காலையில் சுவக்கீன் வந்து நிற்பார், நான் துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருப்பேன். அடித்துவிட்டேன்.

"போதாதுக்கா" என்று எழுதினேன். நியாயம்தான். ஆனால் அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல ஜோபிக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மூன்றாவதாக, "நீங்க —" என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை.

இப்போது ஜோபியின் ஸ்டூலில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் மேல் குற்றமில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அது ஊருக்குத் தெரிய வேண்டுமானால், எதிரில் நிற்பவரின் மகனை இன்னொரு முறை சாகக் கொடுக்க வேண்டும். அவரை உட்காரச் சொன்னேன், உட்கார மாட்டேன் என்கிறார். மடியில் வைத்த கையை எடுக்காமல், உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.