முதல் நாற்காலி

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க... ம்ஹூம். வாசலைத் தாண்ட மாட்டேங்குதுக்கா," என்றான் தம்பி.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்களுக்கு நிற்க இடமில்லை. அந்த நாற்காலியோ, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நகர மறுத்தது.

மூத்தவளுக்கு அதை வெளியே எடுப்பதே பிடிக்கவில்லை. அது அவள் செய்தது. ஆபீஸ்களை வீடு மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கண்ணை உறுத்தாத விளக்கு, காலை மடக்கி உட்கார சோபா, இப்படி. ஒருநாள் அப்பாவின் பழைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணயர்ந்தபோது பொறி தட்டியது. "நாலு நாள் குடுங்கப்பா. பிரிச்சு அளவெடுத்துட்டு அப்படியே தந்துடறேன்" என்று எடுத்துப் போனாள்.

பிரித்ததைத் திரும்பச் சேர்க்கப் பட்டறையில் யாராலும் ஆகவில்லை. ஆனால் அளவு கிடைத்தது. கோணல்களை நிமிர்த்தி, நுரை மெத்தை வைத்து ஒன்று செய்தார்கள். ஆபீஸ் ஆபீசாகப் போய்ச் சக்கைப்போடு போட்டது. முதல் நாற்காலியை அப்பாவுக்கே கொண்டுவந்து போட்டாள்.

"சொர்க்கம்மா!" என்றார் அப்பா. அவள் எப்போது வந்தாலும் அதில்தான் சாய்ந்திருப்பார். அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டும் என்று ஆனபிறகு, வேலையைச் சாக்குச் சொல்லி வராமலிருந்த நாட்களில் எல்லாம் அதைச் சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள். நான் இல்லாவிட்டால் என்ன, நாற்காலி இருக்கிறதே. விடிகாலையில் அம்மாவும் போனில் அதைத்தான் சொன்னாள்: "உக்காந்தபடியே போயிட்டாருடி."

அவளுடைய முதலாளி மாலையோடு வந்தார். போகும்போது நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்.

"கடைசிவரைக்கும் இதுலதான் இருந்தாராம்மா? குடுத்து வச்சவர்."

"ஆமா சார்," என்றாள். சுவரோரம் இருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனதும் இவளும் பின்னாலேயே போனாள். "ஏம்மா அப்படிப் பாத்தே?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லும்மா. அந்த நாற்காலியிலதானே போனாரு?"

அம்மா மேஜையைக் காட்டினாள். அதன் முன்னால் ஒரு சாதாரண மர நாற்காலி. முதுகுப்பக்கம் பழைய துண்டால் கட்டிய தலையணை. மேஜைமேல் இன்னொரு தலையணை, நடுவில் அமுங்கியிருந்தது.

"இங்கதான். மேஜைல தலைய வச்சுத்தான் தூங்குவாரு. உன்னோடதுல உக்காந்தா வழுக்கி வழுக்கிக் கீழ வருதாம். மூச்சு அடைக்குதுன்னாரு."

"நான் வரப்பல்லாம் அதுல இருந்தாரே?"

"உன் வண்டிச் சத்தம் கேட்டதும் கைத்தாங்கலா கொண்டுபோய் உக்கார வைப்பேன். 'பிள்ளை ஆசையா செஞ்சிருக்கா, அவகிட்ட மூச்சு விட்றாதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஊரிலுள்ள ஆபீசுக்கெல்லாம் வீட்டுச் சுகத்தைக் கொடுத்தவள், அதை இந்த வீட்டிலிருந்துதான் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறாள். நான் செய்த பாவம் என்று கத்தி அழ வேண்டும்போல் இருந்தது.

"அந்தப் பழசு எங்கம்மா இருக்கு இப்ப?" என்று கேட்டாள் அம்மா.

"ஆபீஸ்ல. மரச் சட்டத்த மட்டும் சுவத்துல மாட்டி, மேல விளக்குப் போட்டிருக்கோம். வரவங்க பாக்கறதுக்கு."

"உக்கார முடியாதா?"

"முடியாதும்மா."

கூடத்திலிருந்து தம்பி கத்தினான். "அக்கா, காலைக் கழட்டினா போயிடும். கழட்டட்டுமா?"

"கழட்டு."

வாசலில் இன்னும் யாரோ வந்து இறங்கும் சத்தம். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளர்களை எடுத்தாள். "தண்ணி வைக்க மேஜை வேணும். அந்தத் தலையணைய எடும்மா."

அவள் இரண்டு கையையும் அடியில் கொடுத்து, பள்ளம் கலையாமல் மெதுவாகத் தூக்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏந்திக்கொண்டே நின்றாள்.