பார்சல் வாங்க ஆளில்லை

பிணவறைக்கு வெளியே, இறந்துபோன தம்பியின் கம்பெனிச் சட்டையைச் செல்வலட்சுமி மடித்துக்கொண்டிருந்தபோது அதன் பையில் கிடந்த போன் அடித்தது.

"உச்சிமாகாளியா? கூரியர் சார். வல்லத்துல உங்க ரூமாண்ட நிக்கிறேன், பூட்டிக் கீது. இன்னா பண்றது?"

தம்பி எங்கேயோ உயிரோடு இருப்பதுபோல் அந்த ஆள் பேசினான். தம்பிதான் பேண்ட்டோ செருப்போ வரவழைத்திருப்பான்.

"என்ன பார்சல்ண்ணே?"

"மூட்டுவலி மருந்துன்னு போட்டுக்குது."

இருபத்திரண்டு வயதில் என்ன மூட்டுவலி? வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியிருக்கிறான், அதில்தான் மூச்சு நின்றுவிட்டது என்று காலையில் டாக்டர் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஞாயிறுதோறும் அவளைப் பார்க்க ஹாஸ்டல் வாசலுக்கு வருகிறவன். கஞ்சா, சாராயம் என்றால் வாடையாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

பக்கத்தில் நின்ற மாரிசெல்வம் சட்டென்று போனுக்குக் கை நீட்டினான். தம்பியோடு ஒரே அறையில் இருந்தவன். ஊரிலும் அடுத்த தெரு.

"நான் போயி வாங்கிட்டு வந்திருதேன்க்கா."

அழுது வீங்கிய முகத்தில் அந்த அவசரம் மட்டும் தனியாகத் தெரிந்தது. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். அவள் அவன் கையைப் பிடித்து, பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கை மடிப்பில் கறுத்த புள்ளிகள். ஒன்று இன்னும் காயவில்லை.

"நீயுமாலே?"

"ஓ.டி. பாத்தா காலு கடுக்கும்க்கா. மொதல்ல அதுக்குத்தான் போட்டோம். கம்பெனி லைன்ல நெறைய பயலுவ போடுதானுவ."

அவள் மரத்தடியில் நின்ற போலீஸ்காரரிடம் போய்ப் போனைக் கொடுத்தாள்.

"கூரியர்ல என்னமோ வந்திருக்காம் சார். என்னன்னு பாருங்க."

மாரிசெல்வத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உடலை ஏற்றியதும் ஆம்புலன்ஸ் ஊருக்குக் கிளம்பத் தயாராக நின்றது.

"ஏறுலே."

"நாளைக்கு ஷிப்ட் இருக்குக்கா."

"ஏறு."

ஏறினான்.

ஒரகடம் சாலையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் உடல் நகர்ந்தது. ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் மாரிசெல்வத்தின் மணிக்கட்டு வியர்த்துச் சில்லென்றிருந்தது.

சிக்னலில் வண்டி நின்றது. அவன் கதவுப் பக்கம் பார்த்தான். அவள் பிடியை இறுக்கினாள்.