சம்பந்தி வீட்டுப் பை

பிரேமலா வீட்டுப் பெண்கள் மூலை தேய்ந்த கைப்பையோடு எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. அது தானாக அமைந்த பெருமை அல்ல. விசேஷத்துக்குச் சில வாரம் முன்பே மாடிப்படி ஓரத்து மேசைக்குப் பைகள் எல்லாம் வந்துவிட வேண்டும். உள்ளே இருப்பதைக் காலி செய்து, பெயர் எழுதிய துண்டுச் சீட்டைக் கைப்பிடியில் கட்டி வைக்க வேண்டும். மற்றதைப் பிரேமலா பார்த்துக்கொள்வார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தாறு வருஷம் அரசாங்க மருத்துவமனையில் தாதி, அதில் கடைசி ஒன்பது வருஷம் தலைமைத் தாதி. லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவரின் மூத்த மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஹேமநாதனைப் படிக்க வைத்து, அங்கம்மாவைக் கட்டி வைத்து, கெலாங் பாத்தாவில் அவன் வீட்டிலேயே இருக்கிறார். அவன் வீடு என்பது பத்திரத்தில் மட்டும்.

தோல் பையும் ஒரு நோயாளிதான் என்பது பிரேமலாவின் கட்சி. ஜொகூர் புழுக்கத்தில் மூன்று மாதம் அலமாரிக்குள் கிடந்தால் போதும், பூஞ்சை பூத்துவிடும். ஒவ்வொரு பைக்கும் கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் உண்டு. வந்த தேதி, வந்தபோது இருந்த நிலை, செய்த சிகிச்சை, திரும்பிய தேதி. நிலையை எழுதும்போது தாட்சண்யம் பார்ப்பதில்லை. நோயாளி மனம் நோகுமே என்று காய்ச்சலைக் குறைத்தா எழுதுகிறோம் என்று கேட்பார்.

ஹேமநாதனின் மகள் ஷர்மினி தினமும் எல்லையிலுள்ள இரண்டாவது பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். அதே பஸ்ஸில் போகும் சுகுமாறனை அவளுக்கு நாலு வருஷமாகத் தெரியும். இவனைத் தவிர வேறு ஆளைப் பார்க்கவே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது, பெண் பார்க்க வந்தே ஆக வேண்டும் என்றார் பிரேமலா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தா திங்கியிலிருந்து சுகுமாறன், அப்பா மணியம், அம்மா பேச்சியம்மாள் மூவரும் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வந்தார்கள். ஷர்மினியை முதல் தடவை பார்ப்பதுபோல் சுகுமாறன் பார்த்தான். நன்றாகவே செய்தான்.

கேசரி பிரேமலாவே கிண்டியது. அவருக்கு இனிப்பு நீர் வியாதி, அதனால் வாயில் வைக்கவில்லை. வந்தவர்கள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மாப்பிள்ளை மூன்று டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிள்ளையை ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள் என்று பிரேமலா முடிவு செய்தார்.

"மூணு வாரம் கழிச்சு நீங்க மாப்பிள்ளை வீடு பார்க்க வாங்க. அன்னைக்கே பரிசத் தேதி வெச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் காரில் ஏறினார்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதும் விசேஷம்தான். மறுநாள் காலை மேசையில் நாலு பைகள் இருந்தன. மூன்றில் சீட்டு இருந்தது. நாலாவதில் இல்லை. அது பழுப்பு நிறத்தில் பெரிய தோல் பை. விபத்து வார்டுக்கு வந்த கேஸைப் பார்ப்பதுபோல் பிரேமலா அதைப் பார்த்தார். இரண்டு பை கொண்டுவந்தால் ஒன்றுக்குச் சீட்டு எழுத மறப்பவள் அங்கம்மா. ஒரு பையை இந்தக் கதிக்குக் கொண்டுவரக்கூடியவளும் அவள்தான். கேட்டால் வருத்தப்படுவாள் என்று பிரேமலா கேட்கவில்லை. அங்கம்மாவும் அந்தப் பையைப் பார்த்தாள். கோயிலில் யாரோ ஏழைப்பட்டவர்கள் அண்ணியிடம் கொடுத்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவளும் கேட்கவில்லை.

சிகிச்சை பத்து நாள் நடந்தது. காய்ந்த தூரிகையால் பூஞ்சையை வாசலில் வைத்துத் தட்டி, மிச்சத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். தோலுக்கென்றே விற்கும் சோப்பின் நுரையை மட்டும் எடுத்துக் கைப்பிடியைத் தேய்த்தார். தண்ணீர் ஏழு தடவை கறுத்து, எட்டாவது தடவை தெளிந்தது. பித்தளைக் கொக்கியைச் சுற்றித் தோலில் படாதபடி டேப் ஒட்டி, எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து, பஞ்சுக் குச்சியால் களிம்பை எடுத்தார். விட்டுப்போன தையலை மெழுகு நூலால் புண் தைப்பதுபோல் தைத்தார். உள் துணியை வெளியே இழுத்துக் கறை எடுத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார். மூலைகளுக்குச் சாயக் களிம்பை மெல்லிசாக மூன்று பூச்சு பூசி, வெள்ளைத் தாளைத் திணித்து நிற்க வைத்தார். செய்தித்தாளைத் திணித்தால் மை ஒட்டிவிடும்.

பை எழுந்து உட்கார்ந்த நோயாளிபோல் நின்றது. பிரேமலா அதைப் பார்த்தபடி ஒரு கோப்பை சீனி போடாத தேநீர் குடித்தார்.

பன்னிரண்டாம் நாள் மணியம் போன் செய்தார். வீடு பார்க்க எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று ஹேமநாதனைக் கேட்டுவிட்டு, கடைசியில் சொன்னார். "அன்னைக்கு வெத்தலை பாக்கு கொண்டாந்த பையை உங்க வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டோம் லா. பழைய பைதான். வரப்ப எடுத்துட்டு வாங்க, போதும்."

ஹேமநாதன் போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தான். அங்கம்மா பார்த்தாள். ஷர்மினி பார்த்தாள்.

"அது உன் பை இல்லையா?" என்று பிரேமலா அங்கம்மாவைக் கேட்டார்.

"என் பையா? நான் அப்படி ஒரு பையைத் தூக்குவேனா அண்ணி?"

அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது சொல்வதற்கான நேரம் அல்ல.

நிலைமை எல்லோருக்கும் புரிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன பையைச் சுரண்டிக் கழுவி, சாயம் பூசித் திருப்பிக் கொடுத்தால், உங்கள் பை எங்கள் வீட்டுக்கு ஆகாத பை என்று முகத்தில் அடித்துச் சொல்வதற்குச் சமம். இப்படிப்பட்ட விஷயத்தின் எடை பிரேமலாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஒரு தடவை குளுவாங்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவருக்கு, ஒன்றுவிட்ட தம்பி மனைவி தலை வாரிக்கொள்ளச் சொல்லி வாசலிலேயே ஒரு சீப்பை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது வருஷம் அந்த வாசலைப் பிரேமலா மிதிக்கவில்லை.

"அத்தை" என்றாள் ஷர்மினி. "அவங்க அம்மா உங்களை மாதிரிதான். சுகு சொல்லியிருக்கான். மனசு நொந்துச்சுன்னா வெளியே காட்டிக்க மாட்டாங்க. தேதி மட்டும் வைக்க மாட்டாங்க."

"கொஞ்சம் அழுக்காக்கிக் கொடுத்துடலாமேக்கா" என்றான் ஹேமநாதன்.

அதையும் செய்து பார்த்தார்கள். அவித்த முட்டையை நசுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொக்கியைச் சுற்றிக் கட்டி வைத்தால் பித்தளை கறுத்துவிடும் என்று பிரேமலாவுக்குத் தெரியும். சாயங்காலம் அவிழ்த்தபோது கறுத்துத்தான் இருந்தது. ஆனால் திட்டுத் திட்டாக, தேமல் வந்ததுபோல் கறுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பத்து நிமிஷத்தில் துடைத்துவிட்டார். பிறகு உப்புத்தாளை எடுத்து ஒரு மூலையில் வைத்தார். கை அசையவில்லை.

"ஆறின புண்ணை நான் கீறினதில்ல" என்று உப்புத்தாளைக் கீழே வைத்தார். "இப்படியே எடுத்துட்டுப் போவோம். நான் பேசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கோத்தா திங்கிக்குப் போனார்கள். பை வெள்ளைத் துணி உறைக்குள் பிரேமலாவின் மடியில் இருந்தது. வழி முழுக்க அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மணியம் வீட்டு ஹாலில் தேநீரும் பலகாரமும் வந்தன. நலம் விசாரித்து முடிந்ததும் பிரேமலா உறையை உருவிப் பையை மேசையில் வைத்தார். கொக்கி ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. மின்னாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பேச்சியம்மாள் பையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இது எங்க பை இல்லீங்களே மிஸி."

தாதியாக இருந்தவர்களை இந்தப் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக் குறைவு அதில் இல்லை. குறை இருந்தால் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

"உங்க பைதாம்மா. நான் கொஞ்சம் துடைச்சேன்."

"எங்க பை பழசுங்க. இது புதுசு. எங்களுக்காக வாங்கினீங்களா? அதெல்லாம் வேண்டாங்க. எங்க பையே போதும்."

தெரிந்தே சொல்கிறாரா, உண்மையிலேயே அடையாளம் தெரியவில்லையா என்று பேச்சியம்மாள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிரேமலா அந்த முகத்தை மதித்தார். ஆனால் கதை இப்போது வேறு பக்கம் திரும்பிவிட்டது. இது அவர்கள் பை இல்லை என்றால், விருந்தாளியின் பை ஒன்று பெரிய கிராணி மகள் வீட்டில் காணாமல் போயிருக்கிறது. பை அழுக்கு என்று சொன்ன வீடாக இருந்துவிடலாம். பையைத் தொலைத்த வீடாக இருக்க முடியாது.

பிரேமலா தன் கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தார்.

"வந்தப்ப இருந்த நிலையை எழுதி வெச்சிருக்கேன். படிக்கிறேன், நீங்களே சொல்லுங்க."

"அத்தை" என்றாள் ஷர்மினி மெதுவாக.

பிரேமலா முதுகை நிமிர்த்திக்கொண்டு, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது படிக்கும் குரலில் படித்தார்.

"ஒன்று. கைப்பிடி, எண்ணெய்ப் பிசுக்கு, அசல் நிறம் தெரியவில்லை. இரண்டு. அடி மூலை நான்கிலும் தோல் உரிந்து உள் அட்டை தெரிகிறது. மூன்று. பித்தளைக் கொக்கியில் பச்சைக் களிம்பு. நான்கு. வளையத்தில் தையல் விட்டுப்போய்க் கறுப்பு நூலால் கட்டப்பட்டிருக்கிறது. கட்டியவர் அவசரத்தில் கட்டியிருக்கிறார்."

"அந்த நூலு நான்..." என்று மணியம் ஆரம்பித்தார். பேச்சியம்மாள் அவரைப் பார்த்தார். மணியம் தேநீரைக் குடித்தார்.

"ஐந்து. உள் துணியில் சுண்ணாம்புக் கறை மூன்று, மஞ்சள் கறை ஒன்று, காய்ந்த வெற்றிலைக் காம்பு இரண்டு. ஆறு. பின்பக்கம் முழுவதும் பூஞ்சை."

நோட்டை மூடினார். ஏழு என்று ஒன்று இருந்தது. முப்பத்தாறு வருஷம் வார்டில் படித்ததையும் சேர்த்து, பிரேமலா விட்டுப் படித்த முதல் வரி அதுதான்.

 சுகுமாறன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுண்ணாம்புக் கறை எந்த வீட்டுப் பையிலதான் இல்ல?" என்றார் பேச்சியம்மாள். பையைத் திறந்து, முகத்தை அருகில் கொண்டுபோய் ஒரு முறை மூச்சை இழுத்தார். "எங்க பையில ஒரு விஷயம் இருக்குங்க. தூக்கினவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அது இதுல இல்ல."

 பிரேமலா நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பேச்சியம்மாள் முன் வைத்து, ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

பேச்சியம்மாள் கணவரின் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படித்தார். பெலாச்சான் வாடை. லேசாக.

"லேசான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"லேசா இல்லீங்க மிஸி. மெர்சிங்ல வாங்கின இறால் விழுதுப் பொட்டலம் உள்ளேயே பிஞ்சு போச்சு. ரெண்டு தீபாவளி ஆச்சு, போகவே இல்ல." இன்னொரு முறை முகர்ந்தார். "என்ன போட்டீங்க?"

"சமையல் சோடா. அப்புறம் காப்பித்தூள் ஒரு கிண்ணத்துல, மூணு நாள்."

பேச்சியம்மாள் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். தேதி பற்றிய பேச்சு வரும் என்று ஷர்மினி காத்திருந்தாள். வரவில்லை. 

"நான் ஒண்ணு கேட்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார் பேச்சியம்மாள். "அன்னைக்குக் கேசரி யாரு கிண்டினது?"

"நான்தான்."

"உங்க வீட்டுல சீனி டப்பாவும் உப்பு டப்பாவும் பக்கத்துப் பக்கத்துலயா இருக்கு?"

பிரேமலா மனதில் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பக்கத்துலதான்."

"அதானே."

அங்கம்மா முந்தானை நுனியை ஆராய்ந்தாள். ஹேமநாதன் பலகாரத் தட்டில் முறுக்குகளை நேராக அடுக்கினான்.

"நாங்க தட்டுல மிச்சம் வைக்கல" என்றார் பேச்சியம்மாள்.

"வைக்கல" என்றார் பிரேமலா.

"யாருக்கிட்டயும் சொல்லல. இன்னைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்களும் நான் கேட்காம இருந்திருந்தா இதைப் படிச்சிருக்க மாட்டீங்க."

"படிச்சிருக்க மாட்டேன்."

"அப்ப சரிக்குச் சரி." பேச்சியம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, காலண்டரை எடுங்க. பரிசத்துக்கு இந்தப் பையிலதான் வெத்தலை கொண்டு போறோம். அவங்க கேசரி வேற ஆளைக் கிண்டச் சொல்லட்டும்."

தை மாதத்தில் இரண்டாவது ஞாயிறு குறிக்கப்பட்டது. சுகுமாறன் அப்போதுதான் தரையிலிருந்து பார்வையை எடுத்தான்.

திரும்பும் வழியில் பிரேமலா முன் இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார். நோட்டில் திரும்பிய தேதியை எழுதினார். உலு திராம் தாண்டியதும் தம்பி பக்கம் திரும்பினார்.

"ஹேமா, நீயும் அன்னைக்கு அதைச் சாப்பிட்டியா?"

ஹேமநாதன் சாலையைப் பார்த்தபடி, "சாப்பிட்டேன்க்கா" என்றான்.

"எத்தனை தரம் வாங்கின?"

"ரெண்டு."

பிரேமலா நோட்டைக் கைப்பையில் வைத்துக் கொக்கியைப் போட்டார்.

"வீட்டுக்குப் போனதும் அந்த ரெண்டு டப்பாவுலயும் சீட்டு ஒட்டணும்" என்றார்.

"நான் எழுதறேன் அண்ணி" என்றாள் பின்னாலிருந்து அங்கம்மா.